ஆங்கிலோ-சாக்சன் வீரகாவியம்: புகழும் அதன் விலையும் ஒரே வரியில்

கேள்வி: ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஆங்கிலோ-சாக்சன் காவியங்களின் வீர விழுமியங்களைத் தனியாகவும், கவிதை உத்திகளைத் தனியாகவும் படிக்கச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? பேவுல்ஃப் என்பது அரக்கனைக் கொல்லும் கதைதானே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்:

சம்பந்தம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

பாடக்குறிப்புகளில் வழக்கமாக இரண்டு பட்டியல் இருக்கும். விசுவாசம், வீரம், பழிவாங்கல், கொடை, விதி என்று ஒன்று. மோனை, அரைவரி, கென்னிங் (ஒரு பொருளை உருவகமான கூட்டுப்பெயரால் சொல்வது), குறைத்துச் சொல்லுதல் என்று இன்னொன்று. பட்டியலில் தப்பில்லை, ஆனால் இரண்டும் ஒட்டாமல் கிடக்கும். என் கட்சி இதுதான்: இந்தக் கவிஞர்கள் வீரத்தைப் புகழ்கிற அதே மூச்சில், அந்தப் புகழுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். தீர்ப்பு சொல்வதில்லை. இரண்டு விஷயங்களை அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்களுடைய யாப்பே அப்படி வைப்பதற்கென்று அமைந்த யாப்பு.

முதலில் நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆங்கிலோ-சாக்சன்கள் பேசிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்கிறோம். பழைய ஆங்கிலக் கவிதை என்று இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 30,000 வரிகள். அதில் பெரும்பகுதி கிறித்தவ சமயம் சார்ந்தது. வீரக்கதை என்று எடுத்தால் 3,182 வரிகள் கொண்ட பேவுல்ஃப், 325 வரி மட்டும் பிழைத்திருக்கும் மால்டன் போர், 937-இல் நடந்த புருனன்பர் போரைப் பற்றிய ஒரு சிறு பாட்டு, அப்புறம் ஃபின்ஸ்பர்க், வால்டெரே என்ற சில துண்டுகள். அவ்வளவுதான். பேவுல்ஃபுக்கு ஒரே ஒரு கைப்பிரதிதான் உண்டு. 1000-ஆம் ஆண்டை ஒட்டி இரண்டு எழுத்தர்கள் படியெடுத்தது. 1731-இல் லண்டன் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் தீப்பிடித்தபோது அதன் ஓரங்கள் கருகின. மால்டன் பிரதி முழுதாக எரிந்தே போனது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு எடுத்த ஒரு நகல் இருந்ததால் இன்று படிக்க முடிகிறது. பேவுல்ஃப் எப்போது இயற்றப்பட்டது என்பதில் அறிஞர்களுக்குள் ஓயாத சண்டை. 8-ஆம் நூற்றாண்டிலிருந்து 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆளுக்கொரு காலம் சொல்கிறார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டென்மார்க் மன்னன் ஹ்ரோத்கார் ஹெயொரோட் என்ற பெரிய மண்டபத்தைக் கட்டுகிறான். கிரெண்டெல் என்ற அரக்கன் 12 ஆண்டுகள் இரவில் வந்து அங்குள்ளவர்களைக் கொன்று தின்கிறான். தெற்கு சுவீடனில் இருந்த கீட் இனத்து இளைஞன் பேவுல்ஃப் 14 பேருடன் கடல் தாண்டி வந்து, வெறுங்கையால் அவன் தோளைப் பிய்த்தெறிகிறான். பழிவாங்க வந்த கிரெண்டெலின் தாயை ஏரிக்கு அடியில் போய்க் கொல்கிறான். பிறகு தன் நாட்டுக்கே மன்னனாகி 50 ஆண்டுகள் ஆள்கிறான். முதுமையில் ஒரு டிராகனோடு சண்டையிட்டு, அதைக் கொன்று, தானும் சாகிறான். ஆங்கிலத்தின் மிகப் பழைய காவியம் என்கிறோம், கதை நடப்பதோ இங்கிலாந்தில் அல்ல, டென்மார்க்கிலும் சுவீடனிலும். பாட்டைக் கேட்டவர்களின் முன்னோர் வடகடலின் அக்கரையிலிருந்து வந்தவர்கள் என்பதால் அது அவர்களுக்கு அந்நியக் கதையாக இருந்திருக்காது. பேவுல்ஃபின் மாமனான மன்னன் ஹைகெலாக் மட்டும் வரலாற்றிலும் வருகிறான். 6-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவன் ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் நாட்டின்மீது படையெடுத்துச் செத்ததை டூர் நகர ஆயர் கிரெகரி எழுதி வைத்திருக்கிறார்.

இந்த உலகத்தின் நடுவில் இருப்பது மண்டபம். வெளியே குளிர், இருட்டு, பகை. உள்ளே தீ, தேன்மது, யாழ், பரிசு. தலைவன் தங்க வளையமும் வாளும் குதிரையும் கொடுப்பான். வாங்கிக்கொண்டவன் ஒரு நாள் உயிரைக் கொடுத்துத் தீர்ப்பான். மன்னனுக்கே 'வளையங்களைப் பகிர்ந்தளிப்பவன்' என்றுதான் பெயர். கி.பி. 98-லேயே ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ், ஜெர்மானியர்களைப் பற்றி எழுதும்போது, தலைவன் விழுந்த களத்திலிருந்து உயிரோடு திரும்புவது வாழ்நாள் முழுக்கத் தீராத அவமானம் என்று குறித்திருக்கிறார். அவருக்கும் பேவுல்ஃப் கவிஞருக்கும் பல நூற்றாண்டு இடைவெளி. ஆனாலும் லட்சியம் ஏறக்குறைய அதேதான்.

கொலைக்கு இரண்டு வழி. பழிக்குப் பழி, அல்லது உயிர்விலை. ஒவ்வொருவன் உயிருக்கும் அவன் தகுதிக்கேற்ப ஒரு தொகை உண்டு. கொன்றவன் அதைக் கட்டினால் பகை அடங்க வேண்டும். பேவுல்ஃபின் தந்தை எட்ஜ்தேயோ வேறொரு குலத்தானைக் கொன்றுவிட்டு டென்மார்க்குக்கு ஓடிவந்தபோது, ஹ்ரோத்கார்தான் அந்தத் தொகையைக் கட்டித் தீர்த்து வைத்தான். ஆக, மகன் அரக்கனைக் கொல்ல வருவதில் வீரம் மட்டுமில்லை, குடும்பக் கடனும் இருக்கிறது. இந்தச் சட்டத்தை வைத்தே கவிஞர் ஒரு கறுப்பு நகைச்சுவையும் செய்கிறார். கிரெண்டெல் யாரோடும் சமாதானம் பேச வரவில்லையாம். கொன்றவன் கையிலிருந்து பளபளக்கும் ஈட்டுத்தொகை வரும் என்று எந்த ஆலோசகரும் எதிர்பார்க்க வழியில்லையாம். மனிதனைத் தின்னும் ஜந்துவைப் பற்றி நஷ்டஈடு கட்டாதவன் என்று குறைப்பட்டுக்கொள்கிறார்! இதை வெறும் அரக்கன் கதையாகப் படிப்பவர்கள் தவறவிடும் இடம் இது. கிரெண்டெலின் பயங்கரம் அவன் பல்லிலும் நகத்திலும் இல்லை. பகையைத் தீர்க்க மனிதர்கள் கண்டுபிடித்த ஒரே ஏற்பாடு அவனிடம் செல்லாது என்பதில் இருக்கிறது.

சரி, யாப்புக்கு வருவோம். ஒவ்வொரு வரியும் இரண்டு அரைவரிகள். நடுவில் ஒரு நிறுத்தம். ஒவ்வொரு அரைவரியிலும் இரண்டு அழுத்தம், ஆக வரிக்கு நான்கு. எதுகை கிடையாது, இயைபு கிடையாது. வரியைக் கட்டிப்பிடிப்பது மோனை மட்டும்தான். மூன்றாவது அழுத்தம்தான் ஆணி. அதன் முதல் ஒலி முதலாவதிலோ, இரண்டாவதிலோ, இரண்டிலுமோ வர வேண்டும். நான்காவதில் வரக்கூடாது. நம் யாப்பு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: பொழிப்பு மோனை (1, 3) சரி, கூழை மோனை (1, 2, 3) சரி, முற்று மோனை (நான்கும்) தடை. நம்மிடம் மோனை சீரின் முதல் எழுத்தைப் பார்க்கும், அங்கே அழுத்தம் விழும் அசையைப் பார்க்கும் என்பது ஒரு வித்தியாசம். நாம் உயிரெழுத்துகளை இனம் பிரித்து மோனை கொள்கிறோம். அவர்களுக்கு எந்த உயிரும் எந்த உயிரோடும் பொருந்தும் என்பது இன்னொன்று.

பேவுல்ஃபின் நான்காவது, ஐந்தாவது வரிகளைப் பாருங்கள். பழைய டேனிய மன்னன் ஒருவனைப் பற்றியவை. உச்சரிப்பை நம் எழுத்தில் தோராயமாகத்தான் தர முடியும்:

ஓஃப்ட் ஷில்ட் ஷேவிங் — ஷெயாதெனா த்ரேயாட்டும்
மோனெகும் மேக்தும் — மெயோதோசெட்லா ஓஃப்தேயா

பகைவர் கூட்டங்களிடமிருந்தும் பல குலங்களிடமிருந்தும் ஷில்ட் ஷேவிங் எத்தனையோ முறை தேன்மது இருக்கைகளைப் பறித்தான் என்று அர்த்தம். முதல் வரியில் ஷ-ஷ-ஷ, இரண்டாவதில் ம-ம-ம, நான்காம் அழுத்தம் இரண்டிலும் விலகி நிற்கிறது. சொல்லப்படும் விஷயத்தையும் கவனியுங்கள். நாட்டைப் பிடித்தான், கோட்டையைத் தகர்த்தான் என்று கவிஞர் சொல்லவில்லை. உட்கார்ந்து குடிக்கும் இருக்கையைப் பறித்தான் என்கிறார். மண்டபம் போனால் அந்தக் குலமே போயிற்று. மோனையும் 'பல குலங்கள்' என்பதை 'தேன்மது இருக்கைகள்' என்பதோடு சேர்த்து முடிச்சுப் போடுகிறது. இரண்டு வரியில் ஒரு நல்ல மன்னனின் புகழ். அதே இரண்டு வரியில் மண்டபம் இழந்து நிற்கும் எத்தனையோ குலங்கள். சில வரிகள் தள்ளி கவிஞர், அவன் நல்ல மன்னன் என்று ஒரு வார்த்தை போட்டு முடித்துவிடுகிறார்.

கென்னிங் பற்றிப் பாடப்புத்தகங்கள் கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடுகின்றன என்று எனக்குத் தோன்றும். கடலுக்குத் 'திமிங்கலப் பாதை', உடம்புக்கு 'எலும்பு வீடு', சூரியனுக்கு 'வான விளக்கு'. அழகுதான். ஆனால் இதை விடுகதைபோல அவிழ்த்துக் காட்டிவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. எந்த இடத்தில் எந்தப் பெயரைப் போடுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏரிக்கு அடியில் கிரெண்டெலின் தாயை பேவுல்ஃப் வெட்டுகிறான். கையில் இருப்பது ஹ்ருண்டிங் என்ற புகழ்பெற்ற வாள், அதுவரை எந்தப் போரிலும் யாரையும் கைவிடாதது. அந்த இடத்தில் கவிஞர் வாளை வாள் என்று சொல்லாமல் 'போர் ஒளி' என்கிறார். போர் ஒளி கடிக்க மறுத்தது. இத்தனை பெருமையான பெயரைச் சூட்டிய அதே வரியில் அது தோற்றுப்போகிறது.

ஒரே பொருளை இரண்டு மூன்று பெயரால் அடுக்குவது இன்னொரு பழக்கம். மன்னன், டேனியர் காவலன், நரைத்த போர்வீரன், வளையம் தருபவன் என்று ஒரே ஆளை நான்கு தடவை சொல்வார். மோனைக்கு எழுத்துத் தேவைப்படுவதும் ஒரு காரணம். 'பேவுல்ஃப் பேசினான், எட்ஜ்தேயோவின் மகன்' போன்ற வாய்பாட்டு வரிகள் வாய்மொழிப் பாடகர்களின் தயார் சரக்கு என்று 1953-இல் அமெரிக்க அறிஞர் மகூன் வாதிட்டார். அது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் இந்த அடுக்கு வேறொரு வேலையும் செய்கிறது. கதை ஓடாமல் நிற்கிறது. ஒவ்வொரு பெயரும் அந்த ஆளின் ஒரு கடமையை நினைவூட்டுகிறது. தன் மண்டபத்தைக் காக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் கிழவனை 'டேனியர் காவலன்' என்று மறுபடி மறுபடி அழைத்தால் கேட்பவருக்கு என்ன தோன்றும்?

குறைத்துச் சொல்வது இந்தக் கவிஞர்களின் ரத்தத்தில் ஊறியது. கிரெண்டெலின் தாய் வாழும் ஏரியை ஹ்ரோத்கார் வர்ணிக்கிறான். உறைபனி பூத்த மரங்கள் தண்ணீர்மேல் கவிந்திருக்கின்றன, இரவில் நீரில் தீ எரிகிறது, ஆழம் கண்டவர் யாருமில்லை. வேட்டை நாய்கள் துரத்திவரும் கலைமான்கூட அந்த நீரில் இறங்கி ஒளிவதைவிடக் கரையில் நின்று செத்துவிடும். இவ்வளவும் சொல்லிவிட்டு அவன் முடிக்கும் விதம்: அது அவ்வளவு இனிமையான இடமில்லை. பயந்தேன் என்று சொல்லக்கூடாத சமூகத்தில் பயத்தைச் சொல்ல இருந்த வழி இது.

அடுத்தது வாக்கு. இந்த உலகில் வீரன் முதலில் பேசியாக வேண்டும். தேன்மதுக் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, எல்லோர் முன்னாலும், நான் இதைச் செய்வேன் அல்லது செத்துப்போவேன் என்று சொல்ல வேண்டும். நாம் இதைத் தற்பெருமை என்று நினைப்போம். அவர்களுக்கு அது ஒப்பந்தம். சாட்சிகளோடு கையெழுத்துப் போடுவதுபோல. ராணி வெயல்தேயோ கிண்ணம் கொடுக்கும்போது பேவுல்ஃப் அப்படிப் பேசுகிறான். அந்த வார்த்தைகள் அவளுக்கு நன்றாகப் பிடித்தன என்று கவிஞர் குறிக்கிறார். அதற்கு முன்பே உன்ஃபெர்த் என்ற அவைக்காரன் வம்புக்கு இழுக்கிறான்: பிரெகா என்பவனோடு கடலில் போட்டி போட்டுத் தோற்ற பேவுல்ஃப் நீதானா? பேவுல்ஃபின் பதில் அற்புதமானது. நண்பா, குடித்துவிட்டு நிறையப் பேசிவிட்டாய் என்று தொடங்கி, உண்மைக் கதையைத் தன் பக்கம் திருப்பி, கடைசியில் இரண்டு குத்து: நீ உன் சொந்தச் சகோதரர்களைக் கொன்றவன், நீ சொல்கிற அளவுக்கு உனக்கு நெஞ்சுரம் இருந்திருந்தால் கிரெண்டெல் இங்கே இத்தனை அட்டூழியம் செய்திருக்க மாட்டான். ஒரு வாளும் உருவப்படவில்லை, ஆனால் அந்தக் காட்சியில் ஒருவன் வென்று ஒருவன் தோற்கிறான். அதே பேச்சில் விதியைப் பற்றியும் ஒரு வரி சொல்கிறான்: துணிவு கைவிடாதவரை, சாவு குறிக்கப்படாத வீரனை விதி பலமுறை காப்பாற்றும். கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வரும். சாவு குறிக்கப்படாதவன் சாகமாட்டான் என்பது தெரிந்ததுதானே! ஆனால் விதியும் துணிவும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்று இவர்கள் நினைத்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இனி நான் மிகவும் ரசிக்கும் உத்தி: முன்கூட்டிச் சொல்லிவிடுவது. ஹெயொரோட் மண்டபம் கட்டி முடிந்ததும், அது எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு அகலம் என்று சொல்கிறார். அடுத்த அரைவரியிலேயே அது எரியப்போகும் தீக்காகக் காத்திருந்தது என்கிறார். மாமனார் ஹ்ரோத்காருக்கும் அவன் மருமகனுக்கும் இடையே பகை மூளும் காலம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். கிரெண்டெல் இன்னும் கதைக்குள்ளேயே வரவில்லை. மண்டபத்துக்கு உண்மையான ஆபத்து அரக்கனிடமிருந்து அல்ல, சொந்தக்காரர்களிடமிருந்து என்பதை முதல் நூறு வரிக்குள் சொல்லிவிடுகிறார்.

கிரெண்டெல் செத்தபின் நடக்கும் விருந்தைப் பாருங்கள். பாடகன் ஃபின் என்ற ஃபிரீசிய மன்னனின் கதையைப் பாடுகிறான். ஹில்டபர் என்ற டேனிய இளவரசி, சமாதானத்துக்காகப் பகைக்குலத்து ஃபின்னுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். பகை மறுபடி வெடித்ததில் அண்ணனும் மகனும் எதிரெதிர் அணியில் நின்று செத்துப்போக, இருவரையும் ஒரே சிதையில் அருகருகே வைக்கச் சொல்கிறாள். பாட்டு முடிகிறது, சிரிப்பும் கூச்சலும் எழுகின்றன. அந்த நேரத்தில் ராணி வெயல்தேயோ எழுந்து வருகிறாள். மன்னனும் அவன் தம்பி மகன் ஹ்ரோதுல்ஃபும் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் இடையே அப்போது இன்னும் ஒற்றுமை இருந்தது என்கிறார் கவிஞர். 'அப்போது இன்னும்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ராணி, ஹ்ரோதுல்ஃப் தன் பிள்ளைகளை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வான் என்று நம்புவதாக எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறாள். அப்படிச் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கும் தாயின் பயம் நமக்குப் புரிகிறது. பிறகு பேவுல்ஃபுக்கு ஓர் அருமையான கழுத்தணி தருகிறாள். உடனே கவிஞர் பல ஆண்டுகள் தாவி, இதை அணிந்துகொண்டுதான் ஹைகெலாக் ஃபிரீசியாவில் கேடயத்தின் கீழ் விழுந்தான், பிணத்திலிருந்து ஃபிராங்குகள் அதைக் கழற்றிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு, மறுபடி மண்டபத்துக்குத் திரும்பி, ஆரவாரம் எழுந்தது என்கிறார். பரிசு, பிணம், ஆரவாரம். இந்த வரிசையை யாரும் தற்செயலாக வைக்க மாட்டார்கள்.

கடைசிப் பகுதியில் இந்தக் கணக்கு பேவுல்ஃப் மீதே வந்து விழுகிறது. டிராகனோடு தனியாகத்தான் சண்டை போடுவேன் என்கிறான் கிழ மன்னன். கூட வந்தவர்கள் காட்டுக்குள் ஓடிவிட, இளைஞன் விக்லாஃப் மட்டும் நிற்கிறான். அவன் பேச்சு மண்டபத்தில் தொடங்குகிறது: நாம் தேன்மது குடித்தபோது, இந்த ஆயுதங்களுக்கு ஈடு செய்வோம் என்று நம் தலைவனுக்கு வாக்குக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. எல்லாம் முடிந்தபின் ஓடியவர்களைப் பார்த்து, அவமானத்தோடு வாழ்வதைவிட எந்த வீரனுக்கும் சாவு மேல் என்கிறான். வீர அறத்தின் உச்சம் இது என்று எல்லா நோட்ஸிலும் இருக்கும். ஆனால் அதே விக்லாஃப் கொஞ்சம் கழித்து இன்னொன்றும் சொல்கிறான், அதை நோட்ஸில் பெரும்பாலும் காணோம்: ஒருவனின் பிடிவாதத்துக்காகப் பலர் துன்பப்பட நேர்கிறது, புதையலைக் காவல் காக்கும் அந்த டிராகனைச் சீண்டாமல் விடச் சொன்னோம், மன்னன் கேட்கவில்லை. சாவுச் செய்தி கொண்டுபோகும் தூதனோ, இனி சுவீடனும் ஃபிராங்குகளும் நம்மேல் பாய்வார்கள் என்கிறான். அவன் சொன்னதில் பெரிதாகப் பொய் இல்லை என்று கவிஞர் குறைத்துச் சொல்லி ஆமோதிக்கிறார். இளம் பேவுல்ஃபிடம் எந்தக் குணம் ஒரு நாட்டைக் காப்பாற்றியதோ, மன்னனான பேவுல்ஃபிடம் அதே குணம் இன்னொரு நாட்டை அனாதையாக்குகிறது.

மால்டனிலும் இதே பிரச்சினைதான், ஆனால் இது உண்மையில் நடந்த போர். 991 ஆகஸ்டில், எஸ்ஸெக்ஸில் பிளாக்வாட்டர் ஆற்றின் கழிமுகத்தில் வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளையர் ஒரு தீவில் இறங்கியிருக்கிறார்கள். கப்பம் கேட்கிறார்கள். பிர்த்நோத் என்ற முதிய ஆங்கிலத் தளபதி, ஈட்டிகளைத்தான் கப்பமாகத் தருவோம் என்கிறான். தீவுக்கும் கரைக்கும் இடையே ஒரு ஒடுக்கமான பாதை, நீர் வற்றும்போது மட்டும் தெரியும். மூன்று பேர் நின்று அதைக் காத்துவிடுகிறார்கள். வைக்கிங்குகள் கரைக்கு வர வழிவிடும்படி கேட்கிறார்கள். பிர்த்நோத் தன் செருக்கினால் அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டான் என்கிறார் கவிஞர். அந்த ஒரு சொல்லைப் பழிப்பு என்பதா, வெறும் பெருமிதம் என்பதா என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பழிப்பாகத்தான் படுகிறது. ஆனால் அந்தப் பழிப்புக்குப் பிறகு கவிஞர் பிர்த்நோத்தை ஒரு கணமும் விட்டுக்கொடுக்கவில்லை.

மிஞ்சியிருக்கும் பகுதியின் முதல் வரிகளில் குதிரைகளை விரட்டிவிடச் சொல்லும் ஆணை வருகிறது. ஓர் இளைஞன் தன் செல்லப் பருந்தைக் கையிலிருந்து காட்டை நோக்கிப் பறக்கவிட்டுப் போருக்கு நடக்கிறான். இனி திரும்பும் யோசனை இல்லை என்று அர்த்தம். சுமார் 180 வரி கழித்து, பிர்த்நோத் விழுந்ததும், அவனிடம் எத்தனையோ குதிரைகளைப் பரிசாகப் பெற்ற காட்ரிக் தலைவனின் குதிரையிலேயே ஏறி ஓடுகிறான். தூரத்தில் இருந்தவர்கள் குதிரையைப் பார்த்துத் தலைவன்தான் போகிறான் என்று நினைத்து ஓட, கேடயங்களை ஒட்டிப் பிடித்து நின்ற அணிவரிசையான கேடயச் சுவர் உடைகிறது. பிறகு வருவதெல்லாம் பேச்சு. மேல்குடி இளைஞன் ஏல்ஃப்வினே, மண்டபத்தில் தேன்மது முன் நாம் சொன்ன வாக்குகளை நினைத்துப் பாருங்கள் என்கிறான். எளிய குடியானவன் டுன்னெரேயும் ஈட்டியை ஆட்டிக்கொண்டு பேசுகிறான். கடைசியாக முதியவன் பிர்த்வோல்ட் சொல்லும் இரண்டு வரிகள்தான் பழைய ஆங்கிலத்திலேயே மிகவும் புகழ்பெற்றவை:

ஹியே ஷெயால் தே ஹெயார்ட்ரா, — ஹெயோர்ட்டெ தே கேன்ரெ,
மோட் ஷெயால் தே மாரெ, — தே ஊரெ மேயென் லித்லத்.

நினைவு இன்னும் இறுகட்டும், நெஞ்சு இன்னும் கூர்மையாகட்டும், துணிவு இன்னும் பெருகட்டும், நம் வலு குறையக் குறைய. முதல் மூன்று அரைவரியும் ஏறுகின்றன. நான்காவது இறங்குகிறது. மோனை வரக்கூடாத அந்த நான்காவது அழுத்தம் இருக்கிறதே, 'குறைகிறது' என்ற சொல் சரியாக அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. நினைவு, நெஞ்சு, துணிவு எல்லாம் மோனையோடு சேர்ந்து நிற்கின்றன. தோல்வி மட்டும் ஜோடி சேராமல் தனியாக நிற்கிறது. விழுமியமும் உத்தியும் ஒன்றுதான் என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. இத்தனைக்கும், கப்பம் தரமாட்டோம் என்று பிர்த்நோத் செத்த அதே ஆண்டு அரசு 10,000 பவுண்டு கப்பம் கட்டியது என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்நேரம் புறநானூறு நினைவுக்கு வந்திருக்கும். அந்த ஒப்பீட்டுக்கு நல்ல முன்னோடி உண்டு. ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி பர்மிங்காமில் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களை வீரயுகக் கவிதைகளோடு ஒப்பிட்டு எழுதிய ஆங்கில நூலை 1968-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. கொடை, மானம், புகழுக்காகச் சாவது என்று ஒற்றுமைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பார்வை வேறு. புறப்பாடல்கள் பலவற்றில் புலவர் மன்னன் முன் நின்று பேசுகிறார், சில சமயம் கண்டிக்கவும் செய்கிறார். பேவுல்ஃப் கவிஞரோ எப்போதோ செத்துப்போன, வேறு நாட்டு, வேறு மதத்து ஆட்களைப் பற்றித் தூரத்திலிருந்து பாடுகிறார்.

அந்தத் தூரம் முக்கியம். கவிஞர் கிறித்தவர், பாத்திரங்கள் கிறித்தவர்கள் இல்லை. கிரெண்டெலின் கொடுமை தாங்காமல் டேனியர்கள் விக்கிரகங்களிடம் வேண்டிக்கொண்டதைச் சொல்லி அவர் வருந்துகிறார். ஆனால் அவர்களை வெறுக்க அவரால் முடியவில்லை. காவியத்தின் கடைசி வரிகளும் அப்படித்தான். மன்னர்களிலேயே மிக மென்மையானவன், மிகக் கனிவானவன், மக்களிடம் மிக அன்பானவன், புகழுக்கு மிக ஆசைப்பட்டவன் என்று பேவுல்ஃபைப் பற்றி நான்கு சொற்கள். நான்காவது பாராட்டா, குறையா? அதை மட்டும் வைத்தே ஒரு செமினார் நடத்தலாம். 797-இல் அல்குயின் என்ற ஆங்கிலத் திருச்சபை அறிஞர் ஓர் ஆயருக்குக் கடிதம் எழுதி, சாப்பாட்டு நேரத்தில் யாழ்ப்பாடகனைக் கேட்காதீர்கள், வேதத்தை வாசிக்கச் சொல்லுங்கள், இங்கெல்டுக்கும் கிறிஸ்துவுக்கும் என்ன சம்பந்தம் என்று கடிந்துகொண்டார். ஹெயொரோட் எரிவதற்குக் காரணமாகப் போகும் மருமகன் அந்த இங்கெல்டுதான். கண்டிக்க வேண்டியிருந்தது என்றால் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்று பொருள்.

தேர்வுக்கு எழுதும்போது இரண்டு தலைப்பையும் தனித்தனியாக எழுதினாலும், ஒவ்வொரு உத்திக்கும் அது எந்த விழுமியத்தைத் தூக்கிப்பிடிக்கிறது அல்லது உரசிப்பார்க்கிறது என்று ஒரு வாக்கியம் சேருங்கள். படிக்கத் தொடங்குவதானால் மால்டனில் தொடங்கலாம். 325 வரிதான், ஒரே மாலையில் முடிந்துவிடும். அப்புறம் பேவுல்ஃபில் உன்ஃபெர்த் வம்பிழுக்கும் இடம், விருந்துக் காட்சி, டிராகன் பகுதி என்று போங்கள். இடையில் வரும் கிளைக்கதைகளைத் தாண்டிவிடாதீர்கள். மூலத்தை யாராவது வாய்விட்டுப் படிக்கும் ஒலிப்பதிவு கிடைத்தால் ஒரு பத்து வரியாவது கேளுங்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் நான்கு அழுத்தமும் மோனையும் காதில் விழும்.